சிரிப்பு ஓகே, ஆனா அந்த க்ளைமாக்ஸ்?

‘தோர் ரக்னராக்’ (2017) சூப்பர் ஹீரோ படத்த காமெடியே கெடுத்துருச்சுன்னு கட்டுரைல போட்ருக்கீங்க, பாதிதான் ஒத்துக்குவேன். முதல் ரெண்டு தோர் படத்துல தோரா விறைப்பா நின்ன கிறிஸ் ஹெம்ஸ்வொர்த்த இவ்ளோ கலகலப்பா மாத்துனது டைரக்டர் டைக்கா வைட்டிட்டிதான், அரங்கத்துல மோத பச்சை ராட்சசன் ஹல்க் வந்து நிக்கும்போது தோர் பயப்படாம ‘யெஸ்’னு கத்திட்டு, நம்ம கூட வேலை பாக்குறவன்தான்னு சொல்ற இடம் இப்பவும் சிரிப்பா வருது. ஆனா தோரோட சொந்த ஊரு அஸ்கார்டே வெடிச்சு சிதறி மொத்த ஜனமும் வீடில்லாம கப்பல்ல நிக்குது, அந்த நேரம் பாத்து தோரோட கூட்டாளி கோர்க் வந்து அஸ்திவாரம் உறுதியா இருந்தா திரும்ப கட்டிக்கலாம்னு ஜோக் அடிக்கிறான்... கண்ணு கலங்க வேண்டிய சீன்ங்க அது! வில்லி ஹெலாவும் அப்படித்தான், தோரோட சுத்தியல ஒத்தக் கையால நொறுக்குனப்ப இருந்த மிரட்டல் அப்புறம் இல்ல, ஹீரோ வேற கிரகத்துல மாட்டிக்கிட்டதால ஹெலாவா வர்ற கேட் பிளான்செட் மாதிரி நடிகைய பாதி படம் சும்மா உலாத்த விட்டுட்டாங்க.