என் காசு மட்டும் காசு இல்லையாடா டேய்

மறுபடியும் துப்பிடுச்சுங்க. ஏடிஎம்ல இருந்து அன்னிக்குக் காலைலதான் எடுத்தது, மடிப்புகூட விழாத ஆயிரம் யென் நோட்டு, உள்ள போகுது, உர்ருன்னு ஒரு சத்தம், கைக்குழந்தை மருந்தைத் துப்புற மாதிரி அப்படியே வெளிய வருது. திருப்பிப் போட்டா துப்புது. தலைகீழா போட்டா துப்புது. பேண்ட் மேல தேய்ச்சு சூடு பண்ணிப் போட்டா இன்னும் வேகமா துப்புது. மத்தியானம் பன்னெண்டு மணி, ஜப்பான்ல ஃபுகுவோகா நகரத்து ஹகாத்தா, பசி கண்ணைக் கட்டுது, கதவிடுக்கு வழியா அந்த பன்னி எலும்பு கொதிக்கிற வாசனை வேற வந்து வயித்தைப் பிசையுது, எனக்கும் ராமென் நூடுல்ஸுக்கும் நடுவுல ஒரு டிக்கெட் மெஷின், அதுல காசு போட்டு பட்டனை அமுக்கி டிக்கெட் எடுத்தாதான் சாப்பாடு. அதுவும் எப்படிப்பட்ட மெஷின்? பட்டன்ல பாதி எழுத்து தேஞ்சு போயி, ஓரமெல்லாம் மஞ்சளடிச்சு, நான் ஸ்கூல் படிச்ச காலத்துல இருந்து அங்கயே நிக்குது போல.

அப்புறம்தான் பார்க்கிறேன், காசு போடுற ஓட்டைக்கு மேல ஒரு பேப்பர் செல்லோ டேப் போட்டு ஒட்டியிருக்கு. புது நோட்டு படம், அது மேல மார்க்கர்ல பெருசா ஒரு பெருக்கல் குறி. டேப் காஞ்சு சுருண்டு, பேப்பர்ல எண்ணெய் ஊறி கண்ணாடியா ஆயிடுச்சு. அதாவது இது தற்காலிக ஏற்பாடு இல்லை, பரம்பரையா வர்ற கொள்கை.

புது நோட்டு வந்தது 2024 ஜூலை 3. சரி, திடீர்னு விட்டுட்டாங்களா? அதான் இல்லை. 2019 ஏப்ரல்லயே அரசாங்கம் அறிவிச்சாச்சு, இன்னார் இன்னார் படம் போட்டு நோட்டு வரப்போகுதுன்னு. அஞ்சு வருஷம்! நம்மூர்ல 2016 நவம்பர்ல ராத்திரி எட்டு மணிக்குச் சொல்லி பன்னெண்டு மணிக்கு நோட்டைச் செல்லாம ஆக்கினாங்க, புது நோட்டு ஏடிஎம் தட்டுல உக்காரலைன்னு ஊரே வரிசைல நின்னுச்சு, அதுக்காச்சும் ஒரு சாக்கு இருந்துச்சு. இங்க அஞ்சு வருஷம் டைம் குடுத்து, நோட்டுல ஆளு திரும்பித் திரும்பிப் பார்க்கிற 3டி ஹோலோகிராம் எல்லாம் வெச்சு, உலகத்துலயே யாரும் பண்ணாத வேலைன்னு பீத்திக்கிட்டு, கடைசியில ஒரு நூடுல்ஸ் டிக்கெட் வாங்க முடியலை. நோசோமி புல்லட் ட்ரெயின்ல ஏறினா ரெண்டரை மணி நேரத்துல ஷின் ஒசாகால இருந்து ஹகாத்தா வந்திடலாம். வந்து? வந்து இந்த மெஷின் முன்னாடி நில்லு.

அந்த நோட்டுல இருக்கிற மனுஷன் யாருங்கிறீங்க? கித்தாசாத்தோ ஷிபாசாபுரோ. 1894ல ஹாங்காங் போயி பிளேக் கிருமியைத் தேடிப் பிடிச்சவரு. பிளேக்கைப் பார்த்தே பின்வாங்காத ஆளை இந்தத் தகரப் பெட்டி "நீ யாரு, போ வெளிய"ங்குது. பழைய நோட்டுல இருந்த நொகுச்சி ஹிதேயோவுக்கு மட்டும் ராஜ மரியாதை. அவரும் கிருமி ஆராய்ச்சிக்காரர்தான், சின்ன வயசுல கித்தாசாத்தோவோட இன்ஸ்டிட்யூட்லதான் வேலை பார்த்திருக்காரு. சீனியரை வாசல்ல நிறுத்திட்டு ஜூனியரை உள்ள விடுறீங்களேடா, உருப்படுவீங்களா.

இதுல பின்னாடி நிக்கிற வரிசை இருக்கே. ஒருத்தன் வாயைத் திறக்கணுமே! "யோவ் சீக்கிரம்"னு ஒரு குரல், "சில்லறை வெச்சுக்கிட்டு வர மாட்டீங்களா சார்"னு ஒரு முறைப்பு, ஒண்ணு கிடையாது. திட்டினா திருப்பித் திட்டிட்டுப் போயிடலாம். இவங்க அமைதியா, ரொம்ப மரியாதையா, தரையைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. முதுகுல அந்த அமைதி குத்துற குத்து இருக்கே, எங்க ஹெட்மாஸ்டர் பிரம்பு தேவலாம்.

உள்ள எட்டிப் பார்த்து நோட்டை ஆட்டிக் காமிச்சேன். தலையில துண்டு கட்டின தம்பி நூடுல்ஸ் உதறிக்கிட்டே "சுமிமாசேன்!"னு, அதாவது மன்னிச்சிடுங்கன்னு கத்திட்டு, ரோட்டுக்கு அந்தாண்ட இருக்கிற கொன்பினியை, அதான் எல்லாம் விக்கிற சின்னக் கடையை, கரண்டியாலயே காமிச்சான். அங்க போயி மாத்திட்டு வாங்கிறான். சரின்னு வரிசையை விட்டுட்டு, சிக்னல்ல நின்னு, கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் ஒரு சைக்கிள்கூட வரலை, இருந்தாலும் சிவப்பு விழுந்திருக்குன்னு ஊரே நிக்குதே நாமும் நிப்போம்னு நின்னு, கடைக்குள்ள போனா சும்மா எல்லாம் சில்லறை தர மாட்டாங்க, ஏதாச்சும் வாங்கணும். ஒரு பாட்டில் க்ரீன் டீ வாங்கினேன். எனக்கு க்ரீன் டீ பிடிக்காது. செல்ஃப் கவுண்டர் மெஷின்ல அதே ஆயிரம் யென் நோட்டு, வழுக்கிக்கிட்டு உள்ள போச்சு, ஒரு முணுமுணுப்பு இல்லை. சலசலன்னு சில்லறை கொட்டுச்சு. ஆஹா, ஜெயிச்சிட்டோம்டா.

திரும்பி வந்து வரிசைக் கடைசியில நின்னு, மறுபடி என் முறை வந்து, கெத்தா அந்த ஐநூறு யென் காசைப் போடுறேன். டிங். கீழ வந்து விழுது. மறுபடி போடுறேன். டிங். காசை எடுத்துப் பார்க்கிறேன், நடுவுல வெள்ளி, ஓரத்துல தங்கக் கலர். ரெண்டு கலர் காசு. 2021 நவம்பர்ல வந்த புது ஐநூறு. மெஷின் அதையும் எடுக்காதாம்! நோட்டுக்காச்சும் பேப்பர் ஒட்டி வெச்சீங்க, காசுக்கு எங்கடா பேப்பர்? மீதி கையில இருந்த நூறையும் பத்தையும் கூட்டிப் பார்த்தா ராமென் விலையில பாதிகூட வரலை. கையில இருக்கிறது எல்லாம் ஜப்பான் அரசாங்கமே அச்சடிச்ச அசல் பணம், அதை வெச்சுக்கிட்டு பிச்சைக்காரன் கணக்கா நிக்கிறேன், கக்கத்துல குடிக்காத க்ரீன் டீ.

இந்த ஊர் ராமென் வரலாறு தெரிஞ்சா இன்னும் எரியும். நாகஹாமா மீன் மார்க்கெட்ல வேலை பார்க்கிறவங்களுக்கு உக்காந்து சாப்பிட நேரம் கிடையாது, அதனாலதான் நூடுல்ஸை நூலாட்டம் மெல்லிசாப் போட்டாங்க, கொதி தண்ணில முக்கி எடுத்தா வெந்திடும். நிறைய போட்டா ஊறிப்போகுமேன்னு முதல்ல கொஞ்சமா போட்டுக் குடுத்து, வேணும்னா நூடுல்ஸை மட்டும் தனியா வாங்கிக்கோன்னு கைதாமா முறையும் அங்க இருந்து வந்ததுதான். மொத்தத்துல அவசரக்காரனுக்காகவே உருவான சாப்பாடு. பாரிகத்தான்னு சொன்னா ரொம்ப வெறப்பா அரை நிமிஷத்துல எடுத்துக் கிண்ணத்துல போட்டுடுவான். அரை நிமிஷ சாப்பாட்டுக்கு அரை மணி நேர டிக்கெட்!

சரி, என்னதான் ஆச்சுன்னா, எனக்குப் பின்னாடி நின்ன ஒரு பெரியவர், கோட்டு போட்டவரு, பர்ஸைத் திறந்து ஒரு பழைய நொகுச்சி நோட்டை எடுத்து ரெண்டு கையாலயும் நீட்டுறாரு. பதிலுக்கு என் பர்ஸ்ல இருந்த இன்னொரு புது நோட்டை வாங்கிக்கிட்டு, குனிஞ்சு, "சுமிமாசேன்"ங்கிறாரு. ஐயா நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்குறீங்க? நீங்களா நோட்டு அடிச்சீங்க? இப்படி ஒருத்தர் நடுவுல பூந்து நல்லவரா இருந்துட்டா நான் யார் மேல கத்துறது. மெஷின்ல மேல இடது மூலை பட்டனை அமுக்கினேன், அநேகமா எந்தக் கடையா இருந்தாலும் அதுதான் கடையோட ஸ்பெஷலா இருக்கும், யோசிச்சுக்கிட்டு நின்னா அந்தக் காசையும் திருப்பித் துப்பிடும்.

ராமென் நல்லா இருந்துச்சு. அதைச் சொல்லாம விட்டா பாவம். வெள்ளையா கொழகொழன்னு சூப்பு, மேல சிவப்பு இஞ்சி, எள்ளு, காரமான தக்கானா ஊறுகா, நாக்கு தன்னால மன்னிச்சிடுச்சு. நூடுல்ஸ் முடிஞ்சது, சூப்பு மிச்சம், "கைதாமா!"ன்னு குரல் குடுத்தேன். மறுபடியும் அந்த மெஷினுக்குப் போகணுமோன்னு பாதி எழுந்திட்டேன். துண்டு கட்டின தம்பி, "இல்லை இல்லை, காசை மேடைல வெச்சிடுங்க"ங்கிறான்.

மேடைல.

அந்த ரெண்டு கலர் ஐநூறு யென்னை வெச்சேன். தம்பி கையால எடுத்தான். ஒரு தகர டப்பால போட்டான். டப்பால இருந்து மீதி 350 யென் எடுத்து என் முன்னாடி வெச்சான். கையால! அவ்ளோதான்! கை இருக்கு, டப்பா இருக்கு, சில்லறை இருக்கு! அப்புறம் எந்த சாமிக்கு நேர்ந்துக்கிட்டு என்னை ரோடு தாண்டி அனுப்பினடா?

புது மெஷின்னா பத்து லட்சம் யென் பக்கம் ஆகுமாம், கிண்ணம் ஆயிரம் யென்னைத் தாண்டினா ஜனம் வராதுன்னு பயமாம், சின்னக் கடை என்ன பண்ணும்னு ஆபீஸ்ல ஒருத்தர் நியாயம் பேசுறாரு. ஏங்க, நான் மெஷினையா மாத்தச் சொன்னேன், அந்த டப்பாவை வாசலுக்குக் கொண்டு வரச் சொல்றேன். தம்பிகிட்ட கேக்கலாம்னு வாயெடுத்தேன், கிண்ணத்துல புது நூடுல்ஸ் வந்து விழுந்துச்சு, சிரிப்பு வந்திடுச்சு, பக்கத்து சீட்டுல பெரியவர் வேற உறிஞ்சிக்கிட்டே தலையாட்டுறாரு, போங்கடா.

இதுக்கே இப்படின்னா ஃபுகுவோகா குப்பை விஷயத்தை எங்க போயி சொல்ல. ஊரெல்லாம் காலைல குப்பை எடுப்பான், இங்க ராத்திரி எடுப்பான், சூரியன் மறைஞ்சப்புறம்தான் வெளிய வைக்கணும். சரி வைக்கிறேன். ஆனா பிளாஸ்டிக் பெட் பாட்டிலுக்கு மாசத்துக்கு ஒரே ஒரு ராத்திரி. ஒண்ணு! சில்லறைக்காக வாங்கின டீ பாட்டில் எல்லாம் பால்கனியில வரிசை கட்டி நிக்குது, துணி காயப்போட இடம் இல்லை. இந்த மாசத்து ராத்திரி எப்போன்னு பக்கத்து வீட்டம்மாகிட்ட கேட்டா, நேத்துங்கிறாங்க.