பிரவுன் பெல்ட் என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்கு

இரண்டு நாளாக இதை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். இன்று காலை நம் ஊர்ப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒருவர் சிரிக்கிற முகம் மூன்று போட்டு, "ஆறு வருஷம் கராத்தே, பிரவுன் பெல்ட் வேற, கடைசியில மரம் மாதிரி நின்னுச்சாம்" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே பதினேழு பேர் சிரித்திருந்தார்கள். பதினேழு பேரையும் எனக்குத் தெரியும். அதனால்தான் இனி அழிக்கப் போவதில்லை.

புதன்கிழமை பஸ் நிறுத்தத்தில் என் கராத்தே மாணவி ஒருத்தியின் கையை ஒருவன் பிடித்து இழுத்தான். கறுப்புப் பட்டைக்கு முந்தைய பிரவுன் பெல்ட் வரை வந்தவள், ஆனால் திருப்பி அடிக்காமல் உறைந்து நின்றாள். மற்றது உங்களுக்கெல்லாம் தெரியும், நான் திரும்ப விவரிக்கப் போவதில்லை. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அந்தப் பிள்ளையின் பெயரையோ, எந்தத் தோட்டம், யார் மகள் என்பதையோ பின்னூட்டத்தில் யாரும் எழுதாதீர்கள். எழுதினால் நீக்குவேன். அவளுக்கு 18 வயது ஆகவில்லை. பாதிக்கப்பட்ட பிள்ளையை அடையாளம் காட்டக்கூடாது என்று மலேசியாவின் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்திலேயே இருக்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் இவ்வளவு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவள் ஏன் திருப்பி அடிக்கவில்லை என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். கோயிலில் கேட்டார்கள், மீ (நூடுல்ஸ்) கடையில் கேட்டார்கள், என்னிடமே நேராகவும் கேட்டார்கள். "நீங்கதானே டீச்சர் சொல்லிக்கொடுக்கிறீங்க?" என்று. அவன் ஏன் கையைப் பிடித்து இழுத்தான் என்று இதுவரை ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை.

நான் கராத்தே கற்றதும் இதே வட்டாரத்தில்தான். ஊர்ப் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, எனக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தோட்டத்து மண்டபத்தில் சனி ஞாயிறு வகுப்பு நடக்கும். பாய் எல்லாம் கிடையாது, சிமெண்டுத் தரை. விழுந்தால் முட்டி தேயும். மாஸ்டர் பட்டணத்திலிருந்து மோட்டாரில் வருவார். எனக்கும் என் தம்பிக்கும் சேர்த்து ஒரே ஒரு கராத்தே உடுப்பு. அவன் சனிக்கிழமை போட்டால் நான் ஞாயிற்றுக்கிழமை போடுவேன், நடுவில் அம்மா துவைத்து அடுப்புக்குப் பக்கத்தில் காயப்போடுவார். அம்மா பால்மரம் (ரப்பர்) வெட்டியவர். விடியாத நேரத்தில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினால், பக்கத்து நிரையில், அதாவது அடுத்த மர வரிசையில், வேலை செய்பவரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டேதான் போவார். பெண்கள் எல்லாரும் அப்படித்தான். இங்கிருந்து ஒருத்தி குரல் கொடுப்பாள், அங்கிருந்து ஒருத்தி பதில் கொடுப்பாள். பதில் வரவில்லை என்றால் வேலையைப் போட்டுவிட்டுப் போய்ப் பார்ப்பார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு வருகிறேன்.

எனக்கு 19 வயது. அப்போது நானும் பிரவுன் பெல்ட். ஒரு போட்டியில் மூன்றாம் இடம் வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. கோலாலம்பூரிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு என் அப்பா வயது இருக்கும். பேப்பரை விரித்து மடியில் போட்டுக்கொண்டார். அதற்கடியில் அவர் கை என் பக்கம் வந்தது. முழங்கையால் எப்படி அடிப்பது என்று எனக்குத் தெரியும், ஆயிரம் தடவை அடித்துப் பழகியிருக்கிறேன். அவருடைய விலாவிலிருந்து என் முழங்கை ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நான் அடிக்கவில்லை. சத்தம் போடவில்லை. எழுந்திருக்கக்கூட இல்லை. ஜன்னல் வழியாகச் செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன், அவர் இறங்கும் வரைக்கும்.

வீட்டில் சொல்லவில்லை. மாஸ்டரிடம் சொல்லவில்லை. அந்த ஆளுக்குப் பயந்து இல்லை. "கராத்தே படிச்சும் என்ன பிரயோசனம்" என்று யாராவது கேட்டுவிடுவார்களே என்ற பயம்தான். அந்தக் கேள்விக்குப் பயந்து இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் கணவருக்கே போன வியாழக்கிழமைதான் தெரியும். இப்போது அதே கேள்வியை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையிடம், அதுவும் ஊரே கூடிக் கேட்கிறீர்கள்.

உடம்பைப் பற்றி ஒன்று சொல்கிறேன். திடீரென்று ஆபத்து வந்தால் உடம்பு எதிர்க்கும், இல்லை ஓடும், இல்லை உறைந்துபோகும். எதைச் செய்வது என்று நாம் உட்கார்ந்து யோசித்து முடிவெடுப்பதில்லை, மூளை நம்மைக் கேட்காமலேயே எடுத்துவிடுகிறது. உறைந்து நிற்பவருக்கு நடப்பது எல்லாம் தெரியும், கை மட்டும் சொன்னபடி கேட்காது. எனக்கு அப்படித்தான் இருந்தது. கோழை என்று நினைத்து நினைத்து நான் என்னையே எவ்வளவு திட்டியிருப்பேன்! இதை அப்போதே ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

"அப்படின்னா கராத்தே எதுக்கு? மாசம் ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) கட்டுறோமே?" என்று ஒரு தந்தை கேட்டார். நியாயமான கேள்வி. ரப்பர்ப் பால் காசிலும் செம்பனைப் பழக் காசிலும் வளர்ந்தவள் நான், ஐம்பது வெள்ளி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அவருக்கு மட்டும் பொறுமையாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

வகுப்பில் நாங்கள் சண்டைப் பயிற்சி வைக்கும்போது இருவரும் எதிரெதிரே நிற்பார்கள். குனிந்து வணக்கம் வைப்பார்கள். நடுவில் இரண்டு எட்டு இடைவெளி இருக்கும். நடுவர் "ஹஜிமே" என்றால்தான் ஆரம்பம், "யமே" என்றால் நிறுத்தம். பஸ் நிறுத்தத்தில் யாரும் ஹஜிமே சொல்வதில்லை. இடைவெளி இல்லை. எதிரில் நிற்பவன் வணக்கம் வைப்பதும் இல்லை, சொல்லப்போனால் பல நேரம் நம் பிள்ளைதான் அவனுக்கு வணக்கம் சொல்லிப் பழகியிருக்கிறது. தெரிந்த அங்கிள். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவர், அங்பாவ் (பணம் வைத்த உறை) கொடுத்தவர். பெரியவர்களைப் பார்த்தால் சிரிக்கணும், எதிர்த்துப் பேசக்கூடாது என்று பத்துப் பதினைந்து வருஷமாக நாம் சொல்லிக்கொடுத்ததும் அந்த உடம்புக்குள்தானே இருக்கிறது? வாரத்தில் மூன்று மணி நேரம் நான் சொல்லிக்கொடுப்பதை மீதி நேரமெல்லாம் நீங்கள் சொல்லிக்கொடுப்பது பிடித்து இழுக்கிறது. இதில் எங்கள் பக்கமும் குறை உண்டு. பட்டை மாற்றும் தேர்வுக்குத் தயார் செய்த அளவுக்கு, பஸ் நிறுத்தத்துக்கு நாங்கள் தயார் செய்யவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குறைக்கு என்னைத் திட்டுங்கள், அவளை விடுங்கள்.

எங்கள் வகுப்பில் கற்றுக்கொடுக்கக் கஷ்டமான விஷயம் எது தெரியுமா? உதை இல்லை, குத்து இல்லை. கத்துவது. குத்தும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வர வேண்டும், கியாய் என்போம். பையன்கள் முதல் நாளே மண்டபம் அதிரக் கத்துவார்கள். பெண் பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் ஆகும். வாயைத் திறப்பார்கள், காற்றுதான் வரும். சிலர் கத்திவிட்டு உடனே வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள், அம்மா கேட்டுவிட்டாரோ என்று. புதன்கிழமை உறைந்து நின்ற பிள்ளைக்குக் குரல் வர எட்டு மாதம் ஆனது. முதல் முறை அவள் சத்தம் மண்டபச் சுவரில் மோதித் திரும்பி வந்தபோது அவளே பயந்துவிட்டாள், அப்புறம் அழுதாள், அப்புறம் சிரித்தாள். அந்தப் பிள்ளையைத்தான் மரம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

"பெண் பிள்ளைக்கு எதற்கு அடிதடி, பரதம் போதாதா" என்று எழுதிய அக்காவுக்கு: பரதமும் கற்கட்டும், யார் வேண்டாம் என்றது. கராத்தேயை அடிதடி என்று சொல்லாதீர்கள். ஒக்கினாவாவிலிருந்து 1922இல் தோக்கியோவுக்குப் போய் இதைப் பரப்பிய ஃபுனகோஷி, கராத்தேயில் முதல் அடி என்பது கிடையாது என்றுதான் சொல்லிவைத்தார். எங்கள் பிள்ளைகள் கற்கும் முதல் கத்தாவில், அதாவது வரிசையாகச் செய்து பழகும் அசைவுத் தொகுப்பில், முதல் அசைவே இடது பக்கம் திரும்பித் தடுப்பதுதான்.

"நம்ம சிலம்பம் இருக்கும்போது ஜப்பான்காரன் கலை எதுக்கு" என்றவருக்கு இப்போது பதில் வேண்டாம். எனக்கும் சிலம்பம் பிடிக்கும். கம்பு கையில் இருந்தால் எதிராளி தூரத்திலேயே நிற்பான் என்பதும் உண்மை. ஆனால் பள்ளிப் பையோடு யாரும் கம்பு தூக்கிக்கொண்டு போவதில்லை. நடந்தது வேறு, இவர் பேசுவது வேறு.

"எல்லா ஆம்பளைங்களையும் குத்தம் சொல்றீங்க" என்பவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை. அங்கே ஒரே ஒருவன் செய்ததைத்தான் சொல்கிறேன். ஒருவனைச் சொன்னால் ஏன் உங்களுக்கெல்லாம் வலிக்கிறது?

சரி, அவள் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதையும் பார்த்துவிட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் இன்னொரு மாணவி, படிவம் மூன்று (இடைநிலைப் பள்ளி மூன்றாம் ஆண்டு), பள்ளி நடைபாதையில் தன்மேல் கை வைத்த பையனின் நெஞ்சில் ஒரே ஒரு குத்து விட்டாள். என்ன நடந்தது? அவளைத்தான் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். அவளைத்தான் "ரௌடி" என்றார்கள். இதே குழுவில், இன்று சிரித்த அதே ஆட்களில் இரண்டு பேர், "கராத்தே கத்துக்கிட்டா இப்படித்தான் திமிர் வரும், நாளைக்கு யார் கட்டுவா" என்று எழுதினார்கள். பதிவு இன்னும் இருக்கிறது, போய்ப் பாருங்கள். ஒரு மாதத்தில் அவள் வீட்டில் வகுப்பை நிறுத்திவிட்டார்கள். அடித்தவளுக்கும் திட்டு, அடிக்காதவளுக்கும் திட்டு. இந்தப் பிள்ளைகள் என்னதான் செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள், வாயைத் திறந்து சொல்லுங்கள்.

தற்காப்புக்காக அடிப்பது குற்றமில்லை என்று நம் நாட்டுத் தண்டனைச் சட்டமே சொல்கிறது. 96ஆம் பிரிவிலிருந்து அதுதான் இருக்கிறது. தேவைக்கு மேல் காயப்படுத்தக்கூடாது என்பதும் 99இல் இருக்கிறது. இதையும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். பிடியை விடுவி, கத்து, ஓடு. அவ்வளவுதான். நின்று சண்டை போடு என்று எந்த நல்ல மாஸ்டரும் சொல்ல மாட்டார். எத்தனை பேர் பிள்ளையைச் சேர்க்கும்போது இதைக் கேட்டீர்கள்? பதக்கம் எப்போது வரும், புகைப்படம் எப்போது எடுப்பீர்கள் என்றுதான் கேட்டீர்கள்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்குக் கராத்தே தெரியாது. இருட்டுக் காட்டில் முப்பது வருஷம் தனி நிரையில் வேலை செய்தவருக்குத் தற்காப்பாக இருந்தது பக்கத்து நிரைக் குரல்தான். ஒருத்தி கூப்பிட்டால் இன்னொருத்தி வருவாள் என்பதுதான். புதன்கிழமை மத்தியானம், நல்ல வெயிலில், அந்த நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எதிரில் கடை திறந்திருந்தது. அவள் கண் ஒவ்வொரு முகமாகப் போய் வந்ததாம், அவளே என்னிடம் சொன்னாள். யாருமே "ஏய், யாரு நீ, விடு" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு பெல்ட் வேண்டுமா? ஆறு வருஷப் பயிற்சி வேண்டுமா? போனை எடுத்துப் படம் பிடிக்கக் கை வந்திருக்கிறது, அந்தக் கை உறையவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை உறைந்தது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது. நாற்பது ஐம்பது வயது ஆண்கள் பார்த்துக்கொண்டு நின்றதைப் பற்றி ஒரு பதிவு இல்லை, ஒரு வரி இல்லை. இதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் 2017இல் வந்தது. 18 வயதுக்குக் கீழ் இருக்கும் பிள்ளையைப் பாலியல் எண்ணத்தோடு தொட்டால் 20 வருஷம் வரை சிறை, பிரம்படியும் உண்டு. அந்தச் சட்டத்தின் கீழ் குற்றம் நடந்தது தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதும் குற்றம், 5,000 வெள்ளி வரை அபராதம். "நமக்கு எதுக்கு வம்பு" என்று நின்றவர்கள், படத்தை வைத்துக்கொண்டு குழுவில் சுற்றவிடுபவர்கள், தயவுசெய்து அந்தப் படத்தைப் பரப்புவதை நிறுத்திவிட்டுக் காவல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். புகார் ஏற்கெனவே போயிருக்கிறது. சாட்சிதான் இல்லை. தனியாகப் போகத் தயக்கம் என்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், நான் கூட வருகிறேன். வேறு பிள்ளைகளுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் 15999 தாலியான் காசே என்ற அரசு உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

அவள் அம்மா நேற்று வீட்டுக்கு வந்திருந்தார். கராத்தே உடுப்பைத் துவைத்து மடித்து ஒரு பையில் கொண்டுவந்தார், வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள் என்று. பிரவுன் பெல்ட்டும் அதிலேயே சுருட்டி இருந்தது. நான் வாங்கவில்லை. பிள்ளை இனி வரமாட்டேன் என்கிறதா, இல்லை நீங்கள் அனுப்பமாட்டீர்களா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. தேநீர் குடித்தார், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்தச் சனிக்கிழமையும் ஐந்து மணிக்கு மண்டபம் திறந்திருக்கும். நாற்காலிகளைப் பஸ் சீட் மாதிரி வரிசையாகப் போட்டுப் பழகப்போகிறோம், அம்மாக்களும் வரலாம், கத்துவதற்கு மட்டும் வந்தாலும் சரி. அவள் வந்தால் யாரும் எதுவும் கேட்காதீர்கள். எப்போதும் நிற்கும் இரண்டாவது வரிசையில் வந்து நிற்கட்டும்.