இருட்டு அலங்காரத்துக்கு அல்ல
இலக்கிய அருங்காட்சியகங்களில் கையெழுத்துப் பிரதி அறையை மங்கலாக வைப்பது அழகான ‘சூழலுக்காக’ என்று நினைப்பது சரியல்ல. மை ஒளியில் வெளுத்தால் வெளுத்ததுதான். சேதம் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் வெளிச்சத்தைச் சுமார் 50 லக்ஸில் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) நிறுத்துகிறார்கள். 100 லக்ஸ் என்றால் அதே சேதம் பாதி நாளிலேயே வந்துவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை பக்கத்தைத் திருப்புவதும், மூலத்தை உள்ளே எடுத்து நகலை வைப்பதும் இதற்காகவே. ஆகவே குறிப்பிட்ட ஒரு பிரதிக்காகப் போகிறவர்கள் அது இப்போது காட்சியில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள் (விளக்க அட்டையில் ‘நகல்’ என்ற சொல் பொடி எழுத்தில் ஒளிந்திருப்பதும் உண்டு). திரைகள் மின்னும் கூடத்திலிருந்து நேராக நுழைந்தால் எழுத்தே தெரியாது. 5-10 நிமிடம் கண் பழகட்டும். பேழைக்கு நேரெதிரே நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நின்றால் கண்ணாடியின் பிரதிபலிப்பும் குறையும்.