எல்லா நோவும் கஸ்ட்ரிக் இல்லை
கணைய அழற்சி எண்டால், செமிபாட்டுச் சாறு சுரக்கிற கணையம் எண்ட உறுப்பில வாற அழற்சி வருத்தம். அதைப் பற்றி நான் வாசிச்ச ஒரு கட்டுரை, குடியை விடச் சொன்னதோட நிண்டிட்டுது. வன்னியில கனபேர் இந்த வருத்தத்தால வாற நோவைக் கஸ்ட்ரிக் எண்டு நினைச்சுக் காலத்தைக் கடத்தீனம். மேல்வயித்தில துடங்கி முதுகுக்கு ஊடுருவும். முன்னுக்குக் குனிஞ்சிருந்தால் கொஞ்சம் தணியும்.

மலத்தைப் பாருங்கோ. வெளிறி, எண்ணெய் மிதந்து, தண்ணி ஊத்தினாலும் கோப்பையில ஒட்டிக்கொண்டு நிண்டால் கொழுப்புச் செமிக்கேல்லை. அதுக்குத் தாற, சாப்பாட்டைச் செமிக்க வைக்கிற நொதியக் கப்சூலை வெறுவயித்தில போட்டுப் பிரயோசனமில்லை. முதல் கவளத்தோட விழுங்கோணும். ரெண்டு தந்திருந்தால் மற்றது பாதிச் சாப்பாட்டில. கொதிக்கிற தேத்தண்ணியோட வேண்டாம், சூட்டில நொதியம் கெட்டுப்போம்.

கள்ளு, கசிப்பு, சாராயம் எண்டு கணையம் பிரிச்சுப் பாக்காது. பீடியும் சுருட்டும் நோயைக் கூட்டும். தினமும் நிறையக் குடிச்சவர் ஒரேயடியா நிப்பாட்டினால் நடுக்கம், வலிப்பு வரலாம். தயவுசெய்து டொக்டரிட்டச் சொல்லிப்போட்டு நிப்பாட்டுங்கோ.