எந்தத் தேடுபொறி என்று கேட்பதற்கு முன்னால்

"எந்த சர்ச் இன்ஜின் பாதுகாப்பானது?" என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: யாரிடமிருந்து? வீட்டில் இருப்பவர்களிடமிருந்தா, தேடுபொறி நடத்தும் கம்பெனியிடமிருந்தா, அரசாங்கத்திடமிருந்தா? மூன்றுக்கும் வழி வேறு வேறு. ஒன்றுக்கான வழி மற்றதற்கும் உதவும் என்று நம்பி நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டிலிருந்தே தொடங்குவோம். ப்ரைவசி பற்றி வருகிற கட்டுரைகளில் பெரும்பாலானவை ஆளுக்கொரு போன் இருப்பதாக வைத்துக்கொண்டுதான் பேசுகின்றன. நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் அப்பாவின் போன்தான் மகளுக்கும். சாயங்காலம் அவள் 'பீரியட்ஸ் தள்ளிப்போனால்' என்று தேடியிருப்பாள். ராத்திரி அண்ணன் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க சர்ச் பாரைத் தொடுவான். அவன் ஒரு எழுத்துகூட டைப் செய்யும் முன்பே, சின்னக் கடிகாரக் குறியோடு அவள் தேடியது கீழே வந்து நிற்கும். தைராய்டாக இருக்கலாம், பரீட்சை டென்ஷனாக இருக்கலாம். அதையெல்லாம் பொறுமையாகக் கேட்கிற வீடுகள் நம்மிடம் எத்தனை? புருஷனின் அடிக்குப் பயந்து மகளிர் உதவி எண் 181 பற்றித் தேடும் பெண்ணுக்கும் இதே ஆபத்துதான், இன்னும் கடுமையாக.

இந்த இரண்டு பேரிடமும் போய் தேடுபொறியை மாற்று என்று சொல்வதால் பெரிய பயன் இல்லை. எந்தத் தேடுபொறியில் தேடினாலும் பிரவுசரின் ஹிஸ்டரியில் அது பதிவாகும். அவர்களுக்குத் தேவை இன்காக்னிட்டோ, அதாவது ஹிஸ்டரி சேர்க்காமல் தேட பிரவுசரிலேயே தனியாகத் திறக்கும் ஜன்னல். ஜன்னலை மூடியதும் அந்த போனில் ஹிஸ்டரி நிற்காது. அதற்காகவே செய்யப்பட்டது அது, அந்த வேலையை ஒழுங்காகவும் செய்கிறது. பெண் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். தப்பான வழி காட்டுகிறோமோ என்று தயங்காதீர்கள்.

ஆனால் இன்காக்னிட்டோவைப் போட்டுவிட்டால் கம்பெனிக்கும் எதுவும் தெரியாது என்ற நம்பிக்கை இருக்கிறதே, அது தவறு. இதே நம்பிக்கையோடு இருந்த அமெரிக்கப் பயனர்கள் 2020இல் கூகுள் மீது வழக்குப் போட்டார்கள். இன்காக்னிட்டோவில் இருக்கும்போதும் எங்களைப் பற்றிய தகவல் சேர்க்கப்படுகிறது என்பது குற்றச்சாட்டு. 2024இல் சமரசம் ஏற்பட்டது. அப்படிச் சேர்த்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது. இன்காக்னிட்டோவைத் திறந்ததும் வரும் எச்சரிக்கையின் வாசகமும் மாறியது. அதைப் படிக்காமல் தாண்டிப் போகிறோம். ஒருமுறை நின்று படித்துப் பாருங்கள்.

கம்பெனியிடம் நம் தேடல்கள் சேர்ந்தால் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனத்தின் கதையை. 2006 ஆகஸ்டில் அந்த நிறுவனம், ஆராய்ச்சியாளர்களுக்கு உதவும் என்று, சுமார் 6,50,000 பேரின் மூன்று மாதத் தேடல்களை இணையத்தில் பொதுவில் வைத்தது. சுமார் 2 கோடி தேடல்கள். பெயர் கிடையாது, ஆளுக்கு ஓர் எண் மட்டும். நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் அதில் ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு அதன் தேடல்களை வரிசையாகப் படித்தார்கள். விரல் மரத்துப்போவது பற்றி ஒன்று. 60 வயதில் தனியாக வாழும் ஆண்கள் பற்றி ஒன்று. வீடெங்கும் சிறுநீர் கழிக்கும் நாய் பற்றி ஒன்று. நடுவே ஒரு சிற்றூரின் பெயர் வந்தது, ஒரே குடும்பப் பெயர் கொண்ட சிலரையும் தேடியிருந்தது. சில நாட்களில் நேராக அந்த வீட்டுக்கே போய்விட்டார்கள். கதவைத் திறந்தவர் 60 வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி.

எனக்கு இதில் மிகவும் உறைத்தது இதற்கு அடுத்த விஷயம். அவர் தேடிய நோய்களில் பலவும் அவருடையவை அல்ல. சிநேகிதிகளுக்கு உடம்பு சரியில்லை என்றால் அவர்தான் தேடிப் பார்த்துச் சொல்வாராம். அந்தப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் முடிவு கட்டியிருந்தால், இருக்கிற எல்லா வியாதியும் அவருக்கு இருப்பதாகத்தான் எழுதியிருப்பார். நம் ஊரில் அக்கம்பக்கத்துக்கெல்லாம் மருந்துச் சீட்டைப் பார்த்துச் சொல்கிற, லோனுக்கும் விவாகரத்துக்கும் வக்கீல் தேடிக்கொடுக்கிற ஆட்கள் எத்தனை பேர்! அவர்கள் அக்கவுண்ட்டில் ஒரு தெருவே நோயாளியாகவும் கடனாளியாகவும் பதிவாகியிருக்கும்.

"என்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை" என்று சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான். பெண்ணுக்கு வரன் பேசுகிற விஷயத்தை நிச்சயம் ஆகும்வரை நெருங்கிய சொந்தத்துக்குக்கூடச் சொல்லமாட்டோம். அதில் குற்றமா இருக்கிறது? யாரிடம் எப்போது சொல்வது என்பது நம் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அந்த வழக்கைப் போட்டவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி. மறைக்க ஏதோ இருந்ததால் அவர் வழக்குப் போடவில்லை.

அடுத்து, நாம் கூகுளைத் 'தேர்ந்தெடுத்தோம்' என்பதே எவ்வளவு தூரம் உண்மை? போன் வாங்கினோம், அது அதில் இருந்தது. அப்படி இருப்பதற்காகக் கைமாறும் பணம் அமெரிக்க நீதிமன்றத்தில் வெளியே வந்தது. பிரவுசர்களிலும் போன்களிலும் நாம் மாற்றாதவரை தானாகவே வரும் தேடுபொறியாக இருக்க 2021இல் மட்டும் கூகுள் கொடுத்தது 2,630 கோடி டாலர். 2022இல் ஆப்பிளுக்கு மட்டும் சுமார் 2,000 கோடி டாலர். 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவருகிறது என்று தீர்ப்பளித்தார். யாரும் செட்டிங்ஸை மாற்றமாட்டார்கள் என்பதுதான் அந்தப் பணத்தின் கணக்கு. எனக்கு அது அவமானமாகப் படுகிறது.

இந்தியாவிலும் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு விவகாரத்தில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அதன்பின், புது போனை அமைக்கும்போது தேடுபொறியை நாமே தேர்வு செய்யும் திரை வரும் என்று 2023 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. அந்தத் திரை வந்தால் அவசரத்தில் 'நெக்ஸ்ட்' தட்டாமல் நின்று பாருங்கள். ஏற்கெனவே கையில் இருக்கும் போனில் நாமேதான் மாற்ற வேண்டும். குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சர்ச் இன்ஜின். அரை நிமிட வேலை. ஹோம் ஸ்கிரீனில் இருக்கும் கூகுள் பட்டை இதனால் மாறாது என்பதையும் நினைவில் வையுங்கள். அதில் தேடினால் அது கூகுளுக்குத்தான் போகும்.

எதற்கு மாறுவது? நான் அன்றாடத் தேடலுக்கு வைத்திருப்பது டக்டக்கோ. நாம் தேடும் சொல்லுக்கு ஏற்ற விளம்பரம் காட்டுகிறது, தேடிய ஆளைத் தொடர்ந்து பதிவு செய்வதில்லை என்கிறது. முடிவுகள் பெரும்பகுதி மைக்ரோசாஃப்ட்டின் தேடுபொறியான பிங்கிலிருந்து வருபவை. குறையும் சொல்ல வேண்டும்: 2022இல் அவர்களுடைய பிரவுசர், தளம் தளமாக நம்மைப் பின்தொடரும் டிராக்கர்களில் மைக்ரோசாஃப்ட்டின் சிலவற்றை மட்டும் தடுக்காமல் விட்டிருந்ததை ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்தார். சத்தம் கிளம்பிய பிறகுதான் திருத்தினார்கள். யாரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். இன்னொன்று, அதில் '!' போட்டு ஜி சேர்த்துத் தேடினால் நேரே கூகுளுக்கே போய்விடும். அங்கே டக்டக்கோவின் வாக்குறுதி எதுவும் செல்லாது.

தமிழில் தேடும்போதுதான் சிக்கல். 'பட்டா பெயர் மாற்றம்' என்று தமிழில் தேடிப் பாருங்கள், என் அனுபவத்தில் மற்றவற்றில் கிடைப்பதைவிட கூகுளில் கிடைப்பது மேல். நாம் வேற்றுமை உருபும் விகுதியும் சேர்த்துச் சேர்த்து எழுதுகிறவர்கள், சின்ன நிறுவனங்கள் அதில் தடுமாறுகின்றன. இதற்கு நான் வைத்திருக்கும் வழி ஸ்டார்ட்பேஜ். நெதர்லாந்து நிறுவனம். நம் அடையாளத்தைக் கழித்துவிட்டுக் கேள்வியை மட்டும் கூகுளிடம் கொண்டுபோய் முடிவுகளை வாங்கித் தருகிறது. சொந்தமாகவே இணையத்தை அட்டவணை போடும் பிரேவ் சர்ச்சும் இருக்கிறது, ஆங்கிலத் தேடலுக்கு நன்றாகவே உழைக்கிறது. மாதச் சந்தா கட்டுகிற காகியும் உண்டு, ஆனால் தேடுவதற்குக் காசு கட்டு என்று எங்கள் தெருவில் யாரிடமும் என்னால் சொல்ல முடியாது.

அரசாங்கம், நெட் கம்பெனி விஷயத்தில் தேடுபொறியை மாற்றுவது பாதி உதவிதான். தளத்தின் முகவரி 'எச்டிடிபிஎஸ்' என்று தொடங்கினால், நாம் எந்தத் தளத்துக்குப் போனோம் என்பது நெட் கம்பெனிக்குத் தெரியும், அங்கே என்ன டைப் செய்தோம் என்பது தெரியாது. தேடுபொறி நிறுவனம் பதிவு வைத்திருந்தால் சட்டப்படி கேட்டு வாங்கலாம். பதிவே இல்லாத இடத்தில் கொடுக்க ஒன்றும் இருக்காது. 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம், மத்திய அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அறிவித்துக்கொள்ள இடம் வைத்திருக்கிறது. ஆகவே பதிவு சேராமல் பார்த்துக்கொள்வதைத்தான் நான் பெரிதாக நம்புகிறேன்.

கூகுளை விடமுடியாது என்பவர்கள் குறைந்தபட்சம் இதைச் செய்யுங்கள். கூகுள் அக்கவுண்ட்டில் 'மை ஆக்டிவிட்டி' என்ற பக்கம் இருக்கிறது. அதில் 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி'யை நிறுத்தலாம். நிறுத்த மனமில்லையென்றால் ஆட்டோ டிலீட்டில் மூன்று மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்களுடையதில் முடித்த பிறகு அம்மா, அப்பா போன்களிலும் அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, என்ன செய்கிறோம் என்று சொல்லிச் சொல்லிச் செய்துகொடுங்கள். பழைய பதிவுகளை அவர்கள் அனுமதி இல்லாமல் மேலே கீழே தள்ளிப் படிக்காதீர்கள்.