மழை முடியும்வரை கோன் ஃபில்டர் வேண்டாம்

புல்லட்டில் காற்று வடிகட்டியை மூடி வைத்திருக்கும் ஏர் பாக்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, மூடியில்லாத கூம்பு வடிவ வடிகட்டியான கோன் ஃபில்டர் மாட்டியிருக்கும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசியும் கார்த்திகையும் கழியும்வரை கம்பெனி பாக்ஸையே திரும்ப மாட்டி ஓட்டுங்கள்.

அதை வெறும் பிளாஸ்டிக் டப்பா என்று நினைத்துப் பரண்மேல் போட்டுவிடுகிறோம். காற்று உள்ளே போகும் வாய் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் நேராக வந்து விழாதபடி மறைவாக வைத்திருப்பார்கள். மீறி வந்த ஈரமும் அடியில் தங்கி, சின்ன ரப்பர் குழாய் வழியாக இறங்கிவிடும். கோன் ஃபில்டருக்கு இந்த மறைப்பு எதுவும் கிடையாது. சென்னை ஜி.எஸ்.டி. ரோட்டில் மழையோடு ஒரு லாரியை ஓவர்டேக் செய்தால் போதும், சேற்றுத் தண்ணீர் முழுக்க அதன் மேல்தான்.

எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டர் தூறலைத் தாங்கும், மறுக்கவில்லை. மடிப்புகள் ஊறிவிட்டால்தான் சிக்கல். காற்று போகிற வழி அடைபடும். காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் உள்ள வண்டியில் காற்று குறைந்தால், கலவையில் பெட்ரோல் கூடும். பிக்கப் விழும், இன்ஜின் விட்டு விட்டு அடிக்கும் மிஸ்ஸிங் வரும், பிளக் கரி பிடிக்கும். வெயில் காலத்தில் இதற்கு நேர்மாறு: காற்று கூடிப்போவதால், பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை மாற்றியாக வேண்டும். அதைச் செய்யாமலேயே ஃபில்டரை மட்டும் மாட்டி அனுப்பும் கடைகள் மீது எனக்குக் கோபம் உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகை விதி) வண்டிகளில் இ.சி.யூ. என்னும் குட்டி கம்ப்யூட்டர் கலவையை ஓரளவு சரிசெய்துகொள்ளும். தண்ணீரை அது தடுக்காது.

“சத்தமே கெத்தா இருக்கே அண்ணா” என்பார்கள். காற்று இழுக்கும் இரைச்சலை அமுக்குவதும் அந்த பாக்ஸ்தான். அது போனதால் கேட்கிற சத்தத்தை பவர் என்று நம்ப வேண்டாம்.

மாட்டியே தீருவேன் என்றால், தண்ணீர் ஒட்டாத துணியில் வரும் ரெய்ன் கவர் வாங்கிப் போடுங்கள். கேரி பேக் சுற்றினால் இன்ஜினுக்கு மூச்சு முட்டும்.

சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் உள்ளே இறங்கவே இறங்காதீர்கள். இறங்கி வண்டி நின்றுவிட்டதா? செல்ஃப் அடிக்காதீர்கள். தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது, பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராட்தான் வளையும். தள்ளிக்கொண்டு மேலே வந்து, பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெதுவாக மிதித்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். அப்புறம் ஆயிலைப் பாருங்கள். பால் காபி நிறத்தில் இருந்தால், அதை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது.