ஒரு ரத்தப் பரிசோதனை போதுமே

பால்வினை நோயான சிபிலிஸ் தாயிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்குத் தொற்றுவதுதான் பிறவிச் சிபிலிஸ். அமெரிக்காவில் 2012இல் 335 குழந்தைகளுக்கு இருந்த இது, 2022இல் 3,700ஐத் தாண்டியது என்று ஒரு கட்டுரையில் படித்ததும் மனசு கனத்துவிட்டது. அந்த ஒரே ஆண்டில் இதனால் 282 குழந்தைகள் வயிற்றிலேயோ பிறந்த பின்போ இறந்திருக்கின்றன. இத்தனைக்கும் 1940களிலிருந்தே இதைக் குணப்படுத்தும் பென்சிலின் கையில் இருக்கிறது. பிரசவத்துக்கு 30 நாளாவது முன்னால் தாய்க்குச் சரியாக ஊசி போடத் தொடங்கினால் அநேகமாகப் பிள்ளை தப்பிவிடும்.

ஆனால் "தாய்மாரின் அலட்சியம்" என்று கட்டுரை ஒரே வரியில் முடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. காப்பீடு இல்லாதவள், கிளினிக்குக்கு நாள் முழுக்கப் பயணம் போக வேண்டியவள் என்ன செய்வாள்? செவ்விந்தியப் பெண்களின் குழந்தைகளிடம் இது மிக அதிகம். 2023இல் அந்த ஊசி மருந்துக்கே அங்கே தட்டுப்பாடு. அப்புறம் கணவனைப் பற்றி யாருமே பேசுவதில்லை. அவனுக்குச் சிகிச்சை கொடுக்காமல் விட்டால் குணமான மனைவிக்குத் திரும்பவும் தொற்றும். முதல் மூன்று மாதத்தில் ரத்தம் சுத்தம் என்று வந்தவளுக்குக்கூட எட்டாம் மாதத்தில் தொற்று இருக்கலாம். அதனால்தான் கடைசி மாதங்களில் மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள்.

நான் இலங்கைக்காரி. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் எங்களுக்குச் சான்று தந்தது. கர்ப்பிணியின் வீட்டு வாசலுக்கே வரும் எங்கள் மருத்துவமாதுகளுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. கியூபா 2015இலேயே அதைச் சாதித்தது. இரண்டுமே பணக்கார நாடுகள் இல்லை.